கரும்பச்சையா, காவிச் சிவப்பா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் மொழி. இதனைச் சொல்லிவைத்த பெரியவர் அந்தமானில் மர வீடு வைத்திருந்தவர் அல்லர் என்பது திண்ணம். வைத்திருந்தால், "கட்டிய வீட்டிற்கு வர்ணம் பூசிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார். ஏனெனில், இத்தீவில் வீடு கட்டுவது வாழ்நாளில் ஒரு முறை. வர்ணம் பூசுவதோ மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து சேரும் கடமை. அக்கடமை வரும்போதெல்லாம் குடும்பத்தில் ஒரு சிறு வழக்கும் கூடவே வந்துவிடுகிறது.

சென்ற பிப்ரவரியில் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் அன்பர் ஒருவர் நம்மை வழிமறித்தார். "ஐயா, வீட்டில் இரண்டு கட்சி. அம்மா கரும்பச்சை என்கிறார். வீட்டுக்காரி காவிச் சிவப்பு என்கிறாள். நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். வழக்குத் தீர்க்கும் தகுதி நமக்கு இல்லை என்றோம். அவர் விடுவதாக இல்லை. வர்ணத்திற்காகத்தானே என்று எளிதாக எண்ணிக்கொண்டு இசைந்தோம். எளிய காரியம் அன்று என்பதை அங்கே சென்ற பிறகுதான் அறிந்தோம்.

அன்பரின் வீடு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேரில், ஜங்கிலிகாட் பகுதியில் இருக்கிறது. அவருடைய தந்தையார் இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, கூலி வேலை செய்து, சிறுகச் சிறுகப் பலகை சேர்த்துக் கட்டிய வீடு அது. மரக் கால்களின்மேல் நிற்கும் தளம், படாக் பலகைச் சுவர், தகரக் கூரை, முன்புறம் ஒரு தாழ்வாரம். இத்தகைய வீடுகள் நகரில் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன. கான்கிரீட் வீடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆயினும் பழைய மர வீட்டை இகழ்வதற்கில்லை. நிலநடுக்க ஆபத்து மிக்க பகுதிகளுள் ஒன்று இத்தீவுக் கூட்டம். 1941 ஜூன் 26-ஆம் நாள் ஏற்பட்ட பெரு நடுக்கத்தையும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நடுக்கத்தையும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையையும் இங்குள்ளோர் மறக்கவில்லை. கல்லும் செங்கல்லும் விரிசல் விடும் இடத்தில், நன்றாகப் பிணைத்த மரச்சட்டம் வளைந்து கொடுத்து நிற்கும். எடையும் குறைவு.

மரத்திற்கும் அந்நாளில் பஞ்சமில்லை. சாத்தம் தீவின் மரம் அறுக்கும் ஆலை 1883-இல் நிறுவப்பட்டது. அங்கே அறுபட்ட படாக் மரம் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றது. நம் நாட்டு வேங்கைக்கும் செஞ்சந்தனத்திற்கும் நெருங்கிய உறவு உடைய மரம் அது. செந்நிறமும் உறுதியும் கறையானை எதிர்க்கும் ஆற்றலும் வாய்ந்தது. ஆனால், 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. காடு பிழைத்தது, அது நன்றே. அதன் பயனாக, ஒரு நல்ல படாக் பலகை உளுத்துப் போனால் அதற்கு ஈடான மற்றொன்றைப் பெறுவது எளிதன்று. ஆகவே, பழைய வீட்டின் சுவரில் பூசும் வர்ணம் அழகுக்காக மட்டும் அன்று. பலகையின் ஆயுளுக்கே அது காப்பு.

இரண்டும் ஏன் கருவண்ணம்?

வெள்ளை இருக்க, இளமஞ்சள் இருக்க, இரு கட்சியினரும் ஏன் கருவண்ணத்தையே நாடினர் என்று வாசகர் வினவலாம். இவ்வூர் மழையை அறிந்தவர் வினவமாட்டார். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது; சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கிற்கும் மேல். மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்வதற்குள் வடகிழக்கு மழை வந்துவிடும். கூரையிலிருந்து விழும் நீர் மண்ணில் மோதிச் சேற்றைச் சுவரின்மேல் தெறிக்கிறது. ஈரக் காற்றில் பாசியும் பூஞ்சாளமும் படர்கின்றன. வெண்சுவர் ஒரே மழைக்காலத்தில் அழுக்கேறிய வேட்டிபோல் ஆகிவிடும். கருவண்ணம் கறையை மறைக்கும். வெயில் பட்டவுடன் சற்று விரைவாக உலரவும் செய்யும்.

ஆயினும் கருவண்ணத்திற்கு ஒரு குற்றம் உண்டு. அது வெயிலை விழுங்கும். நல்ல வெண்பூச்சு தன்மேல் விழும் கதிரவன் ஆற்றலில் முக்கால் பங்கு வரையில் திருப்பி அனுப்பிவிடும். கரும்பூச்சு பத்தில் ஒரு பங்கை அல்லது இரு பங்கைத்தான் திருப்பும், எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. அதனால் பலகை பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது; நாளடைவில் வெடிப்புக் காண்கிறது. வெடிப்பில் மழைநீர் புகுகிறது.

இவ்வகையில் காவிக்கு ஒரு சிறப்பு உண்டு. கதிரவன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. காவிக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு அக்கதிர்களில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும். கரி கலந்து கருமையாக்கிய மலிவான பச்சையோ அவற்றையும் விழுங்கிவிடும். மேலும், காவி என்பது இரும்பின் துருவே. துரு மேலும் துருப்பிடிப்பதில்லை. ஆதலால் காவி வெயிலில் எளிதில் வெளிறுவதில்லை. மலிவானது, நீடித்து நிற்பது. நம் கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் மாறி மாறி நிற்பதும், செட்டிநாட்டு வீடுகளின் காவித் தரை பல தலைமுறை கண்டும் பளபளப்பதும் நாம் அறிந்தனவே.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபோது, நம் உள்ளம் மருமகளின் பக்கமே சாய்ந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவ்வம்மையார் தம் கட்சியைத் தெளிவாகவே எடுத்துரைத்தார். "மழைக்காலம் முழுவதும் பச்சைச் சுவரில் செம்மண் தெறித்துப் புலிவரி போல் நிற்கிறது. கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிட்டது. காவியானால் சேறும் சுவரும் ஒரே நிறம். எங்கள் ஊரில் திண்ணைக்குக் காவி அடிப்பதே இதற்குத்தானே?" என்றார். மாமியாரோ அதிகம் பேசவில்லை. "அவர் இருந்த நாளிலிருந்து இந்த வீடு பச்சை. பச்சையாகவே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். கணவரின் நினைவால் வந்த பிடிவாதம் என்று நாம் கருதிக்கொண்டோம். மற்றவர்களும் அவ்வாறே கருதியிருந்தனர் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அந்தி சொன்ன தீர்ப்பு

வர்ணத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்வது பெண்ணைப் புகைப்படத்தில் பார்த்து நிச்சயம் செய்வதைப் போன்றது. விரல் அகலத் துண்டில் கரும்பச்சையாகத் தோன்றுவது, சுவர் முழுவதும் பரவி நிழலில் நிற்கும்போது கறுப்பாகவே தோன்றலாம். ஆகவே, இரண்டடிச் சதுரப் பலகைகள் இரண்டை எடுத்து, ஒன்றில் பச்சையும் மற்றொன்றில் காவியும் இரண்டு முறை பூசி உலரவைக்கும்படி முன்னரே சொல்லியிருந்தோம். அவற்றைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துப் பகலெல்லாம் பார்த்தோம். காலை வெயிலில் காவி மிக அழகாக இருந்தது. வீட்டைச் சுற்றித் தென்னையும் பாக்கும் வாழையும் பச்சையாக நிற்க, நடுவே காவி எடுப்பாகத் தோன்றியது. பச்சைப் பலகையோ தோட்டத்தோடு தோட்டமாக ஒளிந்துகொண்டது. வழக்கு முடிந்தது என்றே எண்ணினோம்.

நம் தீவுகள் இந்திய நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தும், கடிகாரம் பெருநிலத்தின் நேரத்தையே காட்டுகிறது. அதனால் இங்கே பொழுது விரைந்து விடிந்து விரைந்து சாய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே கதிரவன் மறைந்துவிடுவான். நாம் சென்றது பிப்ரவரி. ஐந்தரை மணியளவில் வெயில் இறங்கிற்று. தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அப்பொழுது கொல்லைப்புறத்திலிருந்து கைத்தடியை ஊன்றி வந்த அம்மையார் தாழ்வாரத்தின் எதிரே நின்றார்.

"தம்பி, இப்போது அந்த இரண்டு பலகையையும் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். காலையில் கண்ணைப் பறித்த காவிப் பலகை இப்போது கன்னங்கரேலென்று இருந்தது. அதன் பின்னால் இருந்த இருளுக்கும் அதற்கும் வேற்றுமை தெரியவில்லை. பச்சைப் பலகையோ சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக, ஆயினும் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கு ஒரு கண்ணில் மட்டும்தான் அறுவை செய்திருக்கிறது. மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில், பச்சைச் சுவர் தெரிவதால் வாசல் எங்கே என்று கண்டுகொள்வேன். எல்லாம் காவியானால் சுவரும் வாசலும் எனக்கு ஒன்றுதான். போன வருடம் பக்கத்து வீட்டில் விழுந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. இதைச் சொன்னால் கிழவி பயப்படுகிறாள் என்பீர்கள். அதனால்தான் அவர் பேரைச் சொன்னேன்."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிடிவாதம் என்று நாம் எண்ணியது கண்ணின் தேவை என்று அறிந்து நாணினோம்.

அம்மையார் கண்டது வெறும் மயக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞர் இதனை ஆராய்ந்து எழுதினார். ஒளி மிகுந்த பகலில் நம் கண்ணின் ஒருவகை உணரணுக்கள் வேலை செய்கின்றன. அந்தியில் வேறொரு வகை அவ்வேலையை மேற்கொள்கிறது. பின்னவை நீலத்தையும் பச்சையையும் நன்றாக உணரும். சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். ஆகையால் பகலில் ஒரே அளவு பளிச்சென்று தோன்றும் பச்சையும் சிவப்பும் அந்தியில் பிரிந்துவிடுகின்றன. சிவப்பு முதலில் கறுக்கிறது. அறிஞர் நூலில் எழுதியதை அம்மையார் தம் வாசற்படியில் அன்றாடம் கண்டிருக்கிறார்.

பச்சைத் துகளும் பச்சிளங் குழந்தையும்

இதற்குள் மற்றொன்றும் நிகழ்ந்தது. அன்பரின் இரண்டு வயதுப் பேரன் சுவரோரம் அமர்ந்து, உரிந்து விழுந்த பழைய பச்சை வர்ணத் துகள்களைப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் சேர்த்துக்கொண்டிருந்தான். ஒன்று வாயை நோக்கிச் சென்றது. நாம் ஓடிச்சென்று கையைப் பிடித்துக்கொண்டோம்.

பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். மஞ்சளும் பச்சையும் பலவும் ஈயக் குரோமேட்டைக் கொண்டு செய்யப்பட்டன. விரைவில் உலர்வதற்காகவும் ஈயக் கூட்டுப்பொருள்கள் சேர்க்கப்பட்டன. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வர்ணம் எதுவாயினும் ஐயத்திற்கு உரியதே. ஈயம் குழந்தையின் வளரும் மூளையைத் தாக்கும். அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் பன்மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வர்ணக்காரர் மறுநாளே வந்து, காவி பூசுவதற்காகப் பழைய பச்சை முழுவதையும் உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்து எடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது. அவ்வாறு செய்திருந்தால் ஐம்பது ஆண்டுப் பூச்சும் தூளாகி வீடெங்கும் பறந்திருக்கும். அவ்வேலையை நிறுத்தச் சொன்னோம். குழந்தையை மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கும்படியும் வேண்டினோம். இரத்தத்தைப் பெருநிலத்திற்கு அனுப்பிச் சோதித்து, அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்ற செய்தி வரும்வரை அவ்வீட்டில் ஒருவருக்கும் சரியான உறக்கமில்லை. வர்ணம் என்ன என்பதை அத்தனை நாளும் ஒருவரும் பேசவில்லை.

முடிவு

முடிவைச் சொன்னவர் மருமகளே. "அத்தை, பச்சையே இருக்கட்டும். பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை அல்லவா?" என்றாராம். அது சரியான முடிவு என்பதற்குக் காரணங்கள் இருந்தன. உறுதியாக ஒட்டிநிற்கும் பழைய பூச்சைக் கிளறாமல் மேலே மூடிவிடுவதே பாதுகாப்பு. பச்சைமேல் பச்சை பூசுவதற்குக் குறைந்த தேய்ப்பே போதும். சுவருக்குத் தாழ்வாரத்தின் நிழல் இருப்பதால், பச்சை வெப்பத்தை விழுங்கும் என்ற குறையும் இங்கே பெரிதன்று. வெயிலை நேரே வாங்குவது கூரை. ஆகவே கூரைக்கு மட்டும் வெண்மை சார்ந்த வர்ணம் என்று தீர்மானித்தனர்.

மாமியாரும் விட்டுக்கொடுத்தார். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, சேறு தெறிக்கும் பகுதி முழுவதும், வீட்டின் கால்கள் உட்பட, காவிப் பட்டை. அதற்குமேல் பச்சை. படிகளின் விளிம்பில் மட்டும் இரண்டு விரற்கடை வெள்ளைக் கோடு. மழைக்காலத்தில் மருமகளின் கைக்கு ஓய்வு. அந்திவேளையில் மாமியாரின் காலுக்குக் காப்பு.

மழைக்கு முன் வர்ணம் பூச எண்ணும் மற்ற அன்பர்களுக்கும் இவ்வீட்டில் கற்ற சிலவற்றைச் சொல்லிவைக்கிறோம். பலகை நன்றாக உலர்ந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே இங்கே வர்ணத்திற்கு உகந்தது. ஈரப் பலகையில் பூசிய வர்ணம் கொப்புளித்து உரியும். கடற்காற்றின் உப்பு சுவரில் படிந்திருக்கும். நல்ல நீரால் கழுவி உலரவிட்ட பின்னரே பூச வேண்டும். பலகையின் வெட்டுமுனை வழியாகத்தான் நீர் மிகுதியாக உட்செல்கிறது. அம்முனைகளுக்கு ஒரு பூச்சு அதிகமாகக் கொடுக்க வேண்டும். புதிய துத்தநாகத் தகரத்தில் எண்ணெய் வர்ணத்தை நேரே பூசினால் அது ஒட்டி நில்லாது. அதற்கென்று உள்ள அடிப்பூச்சு அவசியம்.

பழைய வர்ணம் உரியும் இடத்தை நீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்துத் துகளைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்நாட்களில் வேறு வீட்டில் இருத்தல் நலம். தீயால் சுட்டு வர்ணத்தை உரிக்கலாகாது. இங்கே பலர் செய்வதுபோல் வர்ணம் பூசிய பழைய பலகையை அடுப்பில் எரிப்பதும் கூடாது. ஈயம் புகையோடு வரும், சாம்பலோடு தங்கும்.

இன்னும் ஒன்று. நம் வர்ண டப்பாக்கள் கடல் கடந்து வருகின்றன. பாதிச் சுவரில் தீர்ந்துபோனால், அடுத்துக் கிடைப்பது அதே பெயருடையதாயினும் அதே சாயலுடையதாக இராது. தேவையான அளவைக் கணக்கிட்டு ஒரே தொகுதி எண் உள்ள டப்பாக்களாக வாங்கி, ஒன்றாகக் கலந்துகொண்டு பூசுவது நல்லது.

மே மாதம் முதல் மழை பெய்த மறுநாள் மாலை அவ்வழியே செல்ல நேர்ந்தது. மின்சாரம் இல்லை. தெருவே மங்கிக் கிடந்தது. அன்பரின் வீட்டுப் பச்சைச் சுவர் மட்டும் இலேசாகத் தெரிந்தது. படியில் வெள்ளைக் கோடுகள். அவற்றின்மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, கைத்தடி இல்லாமலே, அம்மையார் இறங்கி வந்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டு, "யாரது, தம்பியா? உள்ளே வாருங்கள், காபி சாப்பிடலாம்" என்றார். சேறு தெறித்திருந்ததா என்று காவிப் பட்டையை உற்றுப் பார்த்தோம். தெறித்திருக்கத்தான் வேண்டும்; நம் கண்ணுக்குத் தெரியவில்லை.